மாதம் மும்மாரியும் மந்திரி மறுமொழியும்

நமது கூத்துக்களில் அரசன் கொலுவீற்றிருக்குங் காட்சி வந்தவுடன், அவன் மந்திரியை நோக்கி வினவும் முதல் வினா, "மாதம் மும்மாரி பொழிகின்றதா?" என்பதாகும். மந்திரியும் சற்றுந் தயங்காது, "பொழிகின்றது, மன்னா" என விடை பகருவான். தோட்டங்களிலே காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பார்த்து வளர்ந்த நம்மனோர்க்கு இவ்வினாவும் விடையும் மனப்பாடம். இதனை வெறும் நாடக வழக்கென்று தள்ளிவிடுதல் பொருந்தாது. குடிகளின் மழைநலத்தை வினவுதல் அரசன் கடன்; உண்மை உரைத்தல் மந்திரி கடன் என்னுங் கருத்து அதனுள் அடங்கியிருக்கின்றது. அம்மழை இன்று பருவந் தவறிப் பெய்கின்றது. தவறுதலின் காரணத்தை விஞ்ஞானிகள் ஆராய்ந்து கூறிவிட்டனர். எனினும் செய்யவேண்டியவற்றுட் பெரும்பகுதி செய்யப்படவில்லை. அஃது ஏன் என்பதைப் பெரகல சூழ்ந்த ஊவா மலைச்சாரலை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்க முயலுவாம்.

பண்டைத் தமிழர் ஆண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதாக வகுத்தனர். மலையும் மலைசார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்குரிய பொழுதாகத் தொல்காப்பியர் கூறியவை கூதிரும் முன்பனியுமாம். கூதிராவது ஐப்பசியும் கார்த்திகையும். ஊவாவில் வாழ்வோர்க்கு இவ்விலக்கணம் ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. எமது மலைகளுக்குப் பெருமழை வருங் காலமும், மலை சரிந்து உயிர் போகுங் காலமும் பெரும்பாலும் அந்த ஐப்பசி கார்த்திகையே.

பெரகலச் சந்தியில் நின்று நோக்குவோர்க்கு இப்பகுதியின் இயல்பு எளிதிற் புலனாகும். கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் பெருவீதி ஹல்துமுல்லையைக் கடந்து, வளைந்து வளைந்து ஏறி, இவ்விடத்தை அடைகின்றது. இங்கிருந்து ஒரு வீதி அப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலிஎலைக்குச் செல்ல, பெருவீதியோ கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகின்றது. தெற்கே கண்ணுக்கெட்டிய தூரம் தாழ்நிலம். வடக்கே சுவர்போல் நிமிர்ந்த மலை. இடையே செங்குத்தான சரிவுகளிலே தேயிலையும், தேயிலைக்குள்ளே லயங்களும். இந்நில அமைப்பே இப்பகுதியின் மழையையும் இடரையும் ஒருங்கே தீர்மானிக்கின்றது.

இலங்கையின் மழைக்காலங்கள் நான்கு. பங்குனி, சித்திரையில் பிற்பகல் இடியுடன் பெய்வது முதலாவது இடைப்பருவ மழை. மே முதல் செப்டெம்பர் வரை வீசுவது தென்மேல் பருவக்காற்று. இக்காற்றுத் தன் நீரையெல்லாம் மேற்குச் சரிவுகளிற் பொழிந்துவிட்டு, மலைமுடி கடந்து வறண்ட கச்சானாக ஊவாவுக்குள் இறங்கும். யூலை முதல் செப்டெம்பர் வரை அக்கச்சான் வீசுவதனாலன்றோ ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ்பெற்ற அந்த மணம் வாய்க்கின்றது! ஒக்டோபர், நவம்பரில் இரண்டாவது இடைப்பருவ மழை. வங்காள விரிகுடாவிலே தாழமுக்கங்களும் புயல்களும் தோன்றுங் காலமும் இதுவே. டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. கொழுந்து பறித்தல், கவ்வாத்து வெட்டுதல், கான் வெட்டுதல், மரக்கறி நடுதல் ஆகிய எல்லாத் தொழில்களும் இந்நான்கு காலங்களையும் நம்பியே அமைந்தன.

இவ்வொழுங்கு இப்போது குலைந்து வருகின்றது. மழை முழுவதும் நின்றுவிட்டதென்று எவருஞ் சொல்லவில்லை. நின்று நிதானமாகப் பெய்யவேண்டியது சில மணி நேரத்திற் கொட்டித் தீர்க்கின்றது. பெய்யவேண்டிய காலத்தில் வெயில் நீடிக்கின்றது. கச்சானும் சில ஆண்டுகளில் முந்துகின்றது, சில ஆண்டுகளிற் பிந்துகின்றது. முதியோர் கூறும் இவ்வநுபவத்துக்கு விஞ்ஞானம் காரணங் காட்டுகின்றது. வளிமண்டலத்தின் வெப்பம் ஒரு பாகை செல்சியசு உயருமாயின், வளி ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு கூடுதலான நீராவியைத் தாங்கவல்லது. மிகுதியாகத் தாங்கிய வளி, பொழியும்போதும் மிகுதியாகவே பொழியும். பொழியாத இடைக்காலத்தில் நிலத்தின் ஈரத்தையும் விரைந்து உறிஞ்சும். ஆகவே ஒரே காரணத்தால் வெள்ளமும் வறட்சியும் விளைதல் முரண்பாடன்று.

வெப்பம் உயர்வதன் காரணமும் புதிதாக அறியப்பட்டதன்று. நிலக்கரியை எரிப்பதனாற் பிறக்குங் காபனீரொட்சைட்டு உலகின் வெப்பத்தை உயர்த்தவல்லதென்பதைச் சுவீடன் நாட்டு விஞ்ஞானி அரீனியசு 1896 ஆம் ஆண்டிலேயே கணித்துக் காட்டினார். 1958 இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அவ்வாயு தொடர்ந்து அளக்கப்படத் தொடங்கியபோது, வளியின் பத்து இலட்சம் பங்கில் அஃது ஏறத்தாழ 315 பங்காக இருந்தது. 2024 இல் 420 பங்கையுங் கடந்துவிட்டது. கைத்தொழிற் புரட்சிக்கு முற்பட்ட காலத்தோடு ஒப்பிடுமிடத்து 2024 ஆம் ஆண்டின் உலக வெப்பம் ஒன்றரைப் பாகையளவு மிகுந்திருந்ததென உலக வானிலை நிறுவனம் அறிவித்தது. அறிவு குறைந்ததனால் நாம் இடர்ப்படவில்லை என்பதற்கு இவ்வாண்டுகளே சான்று.

இனி மழை எவ்வாறு மலையைச் சரிக்கின்றதென்பதை நோக்குவாம். எமது சரிவுகளிலே பாறையின்மேல் தளர்ந்த மண்ணும் கல்லுங் கலந்த படையொன்று கிடக்கின்றது. அதனுள் நீர் புகுந்து இடுக்குகளை நிரப்பும்போது மண்ணின் பாரம் கூடுகின்றது. மண்ணையும் பாறையையும் இறுகப் பற்றவைத்திருந்த உராய்வு குறைகின்றது. ஓர் எல்லை கடந்ததும் சரிவு முழுவதும் பெயர்ந்து இறங்கும். மலைமீது ஓடும் நீரை வாய்க்கால் வழியே வடித்துவிடுதற்காகவே முற்காலத்துத் தோட்டங்களிற் கான்கள் வெட்டிப் பேணப்பட்டன. கான்கள் தூர்ந்தால் அந்நீர் மண்ணுக்குள்ளேதான் இறங்கவேண்டும். இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர், அதாவது ஏறத்தாழ மூன்று அங்குலம், மழை பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டுமென்றும், 100 மில்லிமீற்றர் பெய்தால் வெளியேற ஆயத்தமாக வேண்டுமென்றும், 150 மில்லிமீற்றர் பெய்தால் உடனே வெளியேற வேண்டுமென்றும் தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வரையறுத்திருக்கின்றது. இவ்வரையறை பள்ளிப் பிள்ளைகளும் விளங்கிக்கொள்ளத் தக்க எளிமையுடையது.

பெரகலவிலிருந்து கொஸ்லந்தைக்குச் செல்லும் வழியில் உள்ளது மீரியபெத்தைத் தோட்டம். 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 29 ஆந் திகதி காலை, தொடர்மழையில் ஊறிய மலை பெயர்ந்து அத்தோட்டத்து லயங்களை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமற்போயும் ஒழிந்தனர். பலருடைய உடல்கள் இறுதிவரை கிடைக்கவில்லை. அம்மண்ணே அவர்க்குக் கல்லறையாயிற்று. வேளையோடு பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளுட் பலர் உயிர் பிழைத்தனர். மாலையில் திரும்பிச் செல்ல அவர்க்கு வீடுமில்லை, சிலருக்குப் பெற்றாருமில்லை. அவ்விடம் வாழத் தகாததென்று 2005 இலும் மீண்டும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்ததென்பது பின்னர் வெளியாயிற்று. நாட்டிலேயே மண்சரிவு அபாயம் முதன்முதல் வரைபடமாக்கப்பட்ட மாவட்டங்கள் பதுளையும் நுவரெலியாவும் என்பதையும் இங்கே நினைத்தல் வேண்டும். வரைபடம் இருந்தது, எச்சரிக்கை இருந்தது, மக்களும் அங்கேயே இருந்தனர்.

அதன்பின் 2023 மார்ச்சில் அயலிலுள்ள பூனாகலை, கபரகலைத் தோட்டத்தில் மண்சரிந்து லயங்கள் அழிந்தன. 2025 நவம்பர் 28 ஆந் திகதி டித்வாப் புயல் இலங்கையிற் புகுந்தபோது நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா ஆகிய மலை மாவட்டங்களே மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்தன. அதுவும் கார்த்திகை மாதமே.

எச்சரிக்கப்பட்ட மக்கள் ஏன் நகரவில்லை? இவ்வினாவுக்குத் தோட்டத்தாரின் அறியாமை என்றும் பிடிவாதம் என்றும் விடை கூறுவோர் உளர். அவ்விடை பிழையென்பதை எமது அநுபவமொன்றால் உணர்ந்தோம். சில ஆண்டுகளுக்கு முன்னர், மழை நாளொன்றில், எம்மிடம் பயிலும் மாணவனொருவன் தன் லயத்துச் சுவரில் ஒட்டப்பட்டிருந்த அறிவித்தலைக் கிழியாமல் எடுத்து மடித்துக்கொண்டு வந்தான். அதில் தமிழெழுத்து ஒன்றேனும் இல்லை. "சேர், இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டான். எமக்குத் தெரிந்த அளவு சிங்களத்தைக் கொண்டு படித்தோம். பெருமழை பெய்தால் அவ்விடத்தை விட்டகல வேண்டும் என்பதே அதன் பொருள். மாலையில் நேரே சென்று லயத்தாரைக் கூட்டி அதனைத் தமிழிற் சொன்னோம். அம்மாணவனின் அப்பாயி அமைதியாகக் கேட்டிருந்துவிட்டு, "ஐயா, எந்திரிச்சுப் போகச் சொல்றாங்க, சரி. எங்க போறதுன்னு அந்தக் கடுதாசியில எழுதியிருக்கா?" என்றார். எழுதியிருக்கவில்லை. எம்மிடமும் விடை இருக்கவில்லை. இருபது ஆண்டு தமிழ் கற்பித்த எமக்கு, அம்மூதாட்டியின் ஒரு வினா அரசியலைக் கற்பித்தது.

அவ்வினாவிலேயே முதலாவது தடை அடங்கியுள்ளது. அது நிலம். கிராமத்தவனுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலமிருந்தால், அபாயம் என்றவுடன் விற்றோ மாற்றியோ வேறிடம் நாடலாம். லயத்தில் வாழ்பவர்க்குக் காலடி மண்ணும் சொந்தமன்று. 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் விடப்பட்டுப் பின்னர் நீண்டகாலக் குத்தகையாயிற்று. நிலத்தின் உரிமை அரசுக்கு, ஆட்சி கம்பனிக்கு, இடர் தொழிலாளிக்கு. நகர்த்துவதற்கு நிலம் விடுவிக்க வேண்டியவர் யாரென்பதிலேயே காலங் கழிகின்றது. மீரியபெத்தையில் உயிர் தப்பியோர் புது வீடு கிடைக்கும்வரை ஏறத்தாழ ஈராண்டு தற்காலிகக் குடியிருப்பிற் கிடந்தமை இதற்குச் சான்று.

இரண்டாவது தடை, கேட்பாரற்றுப் போன நீண்டகாலம். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தாலும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தத்தாலும் மலையகத் தமிழருட் பெரும்பாலோர் குடியுரிமையையும் வாக்குரிமையையும் இழந்தனர். 1947 இல் அவர் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1952 தேர்தலில் ஒருவரையேனும் அனுப்ப இயலவில்லை. மீண்டும் 1977 இலேயே அது கைகூடியது. 1964 இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் அவரை இரு நாட்டுக்குமாகப் பங்கிட்டது. நாடற்றோர் நிலை முற்றாக நீங்குதற்கு 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. வாக்கற்றவனின் வாசலுக்கு வீதி வருவதில்லை, கானும் வருவதில்லை. 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புக்களுக்குச் சபைகள் பணஞ் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. அது திருத்தப்பட்டது 2018 இலேயே. முப்பது ஆண்டுகளாகச் சபையின் பணம் தோட்டத்து எல்லையோடு நின்றதென்றால், அந்த எல்லைக்குள்ளே வடிகாலும் அணையும் எங்ஙனம் உண்டாகும்?

மூன்றாவது தடை மொழி. தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழிகளுள் ஒன்றென அரசியலமைப்புக் கூறுகின்றது. எனினும் டித்வாப் புயலின்போதும் தமிழிலான எச்சரிக்கைகள் காலந்தாழ்த்தியும் குறைவாகவும் வந்தன என்னும் முறைப்பாடு பரவலாக எழுந்தது. மொழியுரிமையை மேடையலங்காரமாகக் கருதுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். எச்சரிக்கைக்கு ஒரு மணி நேரந் தாமதம் நேர்ந்தால், அந்த ஒரு மணி நேரத்துள் ஒரு லயம் மண்ணுள் மறையலாம்.

நான்காவது தடை, ஆட்சியாளரின் குறுகிய காலநோக்கு. தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒன்று. காடு வளர ஐம்பதாண்டு வேண்டும். சரிவொன்றை வடிகாலிட்டுக் காத்தவனுக்கு மாலை விழுவதில்லை, ஏனெனில் அங்கே ஒன்றும் நிகழவில்லை. சரிந்தபின் நிவாரணம் வழங்குபவனுக்கோ நிழற்படமும் கைதட்டலும் உண்டு. ஆயத்தமின்றி அவசரப்பட்டுச் செய்வதும் தீங்கே. 2021 மே மாதத்தில் இரசாயன உரத்தின் இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. சூழலைக் காப்பதென்ற பெயரால் வந்த அத்தடை விளைச்சலை வீழ்த்தி, அவ்வாண்டு முடியுமுன்னரே கைவிடப்பட்டது. அதனால் நேர்ந்த நட்டத்தினும் பெரியது, சூழல் என்ற சொல்லைக் கேட்டாலே உழவரும் தோட்டத்தாரும் ஐயுறும் நிலை உண்டானமை. 2022 ஏப்பிரலில் அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்த பின்னர், பணமின்மை என்னும் விடை எல்லா வினாவுக்கும் ஆயத்தமாகிவிட்டது.

ஐந்தாவது தடை நமது கரைக்கு அப்பாலுள்ளது. இலங்கையர் ஒருவரின் பங்காக ஓராண்டில் வெளியாகுங் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ ஒரு தொன். அமெரிக்கர் ஒருவரின் பங்கோ பதின்மூன்று தொன்னுக்கும் மேல். புகை எழுப்பியவர் வேறு. மலை சரிபவர் வேறு. 1992 இல் றியோ நகரில் உலக நாடுகள் உடன்படிக்கை கண்டன. 1997 இன் கியோத்தோ உடன்படிக்கையை ஐக்கிய அமெரிக்கா 2001 இல் நிராகரித்தது. 2015 இன் பாரிசு உடன்படிக்கையை விட்டு விலகுவதாக அந்நாடு 2017 இல் அறிவித்தது. 2021 இல் மீண்டும் சேர்ந்தது. 2025 சனவரியில் மறுபடியும் விலகக் கட்டளையிட்டது. ஆட்சி மாறுந்தோறும் மாறும் சொல்லை நம்பி எந்நாடு நீண்டகாலத் திட்டம் வகுக்கும்? செல்வநாடுகள் 2020 முதல் ஆண்டுக்குப் பதினாயிரங் கோடி டொலர் திரட்டித் தருவதாக 2009 இல் வாக்களித்தன. அத்தொகை முதன்முதல் நிறைவானது 2022 இலேயே. இழப்புக்கும் சேதத்துக்கும் நிதியொன்று அமைக்க எகிப்தில் 2022 இல் இணக்கம் ஏற்பட்டது. அந்நிதி வழங்கப்படுங்காலத்தும், சொந்த நிலமும் முகவரியும் இல்லாத லயத்தவரின் பெயர் பட்டியலில் இடம்பெறுமா என்பதை நாமே கவனித்தல் வேண்டும்.

"பருவங்கள் முன்னும் பிறழ்ந்தனவே, இஃது இயற்கை" என்பாரும் உளர். முன்னும் பிறழ்ந்தன என்பது மெய்யே. ஆயினும் காய்ச்சல் முன்னும் வந்ததென்று கூறி இன்றைய காய்ச்சலுக்கு மருந்து கொடாதிருத்தல் அறிவுடைமையாகாது. "சிறு நாடாகிய நாம் என் செய்ய இயலும்?" என்பாரும் உளர். உலகின் புகையை நாம் தனித்து அடக்க இயலாது என்பதும் மெய்யே. ஆனால் மேலே கூறிய தடைகளுள் முதல் நான்கும் நமது நாட்டிலேயே, நமது சட்டத்தாலேயே உண்டானவை. மனிதர் இட்ட முடிச்சை மனிதரே அவிழ்க்கலாம். பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டதும், இழந்த வாக்குரிமை மீண்டதும் தாமாக நிகழ்ந்தனவல்ல. கேட்டவர் இருந்தமையால் நிகழ்ந்தவையே.

ஆகவே யாம் இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர்க்கு ஒன்று விண்ணப்பிப்போம். உங்களுள் வழக்கறிஞர் உளர். தோட்ட நிருவாகத்தில் உள்ளோர் உளர். சபை உறுப்பினர் உளர். ஆசிரியர் பலர் உளர். வழக்கறிந்தோர், அபாய வலயத்தில் வாழ்வோர்க்கு உறுதியுடன் கூடிய நிலம் கிடைக்கும் வழியை ஆராய்க. நிருவாகத்தில் உள்ளோர், செலவுக் கணக்கிற் கான் வெட்டுதலை முதல் வரியில் எழுதுக. சபையில் உள்ளோர், 2018 இன் திருத்தத்தை ஏட்டளவில் விடாது தோட்டத்துக்குள் கொண்டுசெல்க. ஆசிரியர், வரும் ஒவ்வோர் எச்சரிக்கையையும் அன்றே தமிழாக்கி லயத்துச் சுவரில் ஒட்டுக. வாக்குக் கேட்டு வருவோரிடம், பெருமழையில் நாங்கள் போகவேண்டிய இடம் எதுவென்று அனைவரும் கேட்க.

விழா நினைவாக வளைவும் சிலையும் அமைப்பதைக் குறைகூறோம். அவற்றோடு, சூழவுள்ள தோட்டப் பாடசாலை ஒவ்வொன்றுக்கும் ஒரு மழைமானி வழங்குவதும் இவ்விழாவின் பணியாகட்டும். நாள்தோறும் காலையில் ஒரு மாணவன் அதனை நோக்கி அளவைக் கரும்பலகையில் எழுதட்டும். மூன்று அங்குலம் என்று கண்டவுடன் அவன் வீட்டுக்குச் செய்தி செல்லட்டும். அரசன் கேட்பானா, மந்திரி மெய்யுரைப்பானா என்று காத்திராமல், பெய்த மழையின் அளவை நம் பிள்ளைகளே தம் கையால் எழுதி வைப்பாராயின், பொழிந்ததா என்னும் வினாவுக்கு ஒருவரும் பொய்விடை பகர இயலாது. அம்மூதாட்டியின் வினாவுக்கும் ஒரு நாள் விடையெழுதவேண்டிய பொறுப்பு அக்கரும்பலகையிலிருந்தே தொடங்குமென நம்புகின்றோம்.